ஒரே மைக்கில் பாடியவர்கள்

வாழ்த்துரை ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். "அங்கிள், நீங்கதானே அந்தப் பாட்டுகள ரெக்கோர்ட் பண்ணினது. நாலு வரி எழுதித் தாங்கோ, அல்பத்தோட வாற சின்னப் புத்தகத்தில போடுவம்" என்று அந்தக் கம்பனிப் பிள்ளைகள் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கே வந்து, கேக் பெட்டி ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது. அல்பத்தைக் கேட்ட பிறகு வாழ்த்த வாய் வரவில்லை. என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் சிலர், இப்போது பெரிய பெரிய ஸ்டூடியோக்களில் இருப்பவர்கள், "ஏன் அங்கிள் அந்த அல்பத்தப் பற்றி ஒண்டும் கதைக்கிறீங்கள் இல்லை?" என்று விடாமல் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். இது வாழ்த்துரை அல்ல.

அல்பத்தின் பெயர் 'எல்லாத் தரிப்பிடமும்'. தொண்ணூறுகளில் கொழும்பில் 'கடைசி பஸ்' என்றொரு தமிழ் ரொக் குழு இருந்தது. முழு அல்பம் போட வசதியில்லாத குழு. கசெட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, மறுபக்கத்துக்கு இன்னொரு பாட்டு என்று தனித்தனியாக வெளியிட்டுக்கொண்டே போனார்கள். வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் அவை விற்றன. கிட்டார் இரைச்சல், இடி மாதிரி ட்ரம்ஸ், அதற்கு மேல் சினிமாவில் கேட்காத தமிழ். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இளைஞர்கள் நாடா தேயும்வரை கேட்டார்கள். அந்தத் தனிப்பாட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி இப்போது ஒரு கம்பனி வெளியிடுகிறது. நல்ல காரியம். யாருக்கு வரும் இந்த எண்ணம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் முதல் பாட்டு முடியும்வரை நீடித்தது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரேடியோ திருத்தும் கடையில் தொடங்கி, வயர் சுற்றவும் நாடா ஒட்டவும் பழகி, கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஹமீத் நானாவின் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளனாக ஒட்டிக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அந்தத் தொழில்தான். பழகிய வருஷங்களை எல்லாம் எழுதினால் வயர் சுற்றின கதைதான் மிஞ்சும்.

ஹமீத் நானாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஸ்டூடியோ அவருடையது, ஒரு இரும்புக் கடைக்கு மேல் மாடியில். வெள்ளைத் தொப்பி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. பதிவு நாளில் அறையைக் கூட்டுவதற்கு வேறு யாரையும் விடமாட்டார், அவரே கூட்டுவார். கூட்டி முடித்து, சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் துண்டு ஒன்றை எடுத்து, மைக்குக்கு முன்னால் தரையில் இரண்டு கோடு கிழிப்பார். ஒன்று கிட்ட, மற்றது தள்ளி. கிட்ட உள்ளது முதற்குரலுக்கு. தள்ளி உள்ளது இரண்டாம் குரலுக்கு.

இரண்டு பாடகருக்கும் ஒரே மைக். நல்ல மைக் ஸ்டூடியோவில் ஒன்றுதான் இருந்தது என்பது உண்மை. ஆனால் பிறகு இன்னொன்று வாங்கியபோதும் அவர் முறையை மாற்றவில்லை. "நானா, இனி ஆளுக்கொரு மைக் வைப்பமே, பிறகு வேணுமெண்டால் கூட்டிக் குறைக்கலாம்" என்று ஒருநாள் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வயர் சுற்றப் போய்விடலாமா என்று தோன்றியது.

"ஏன் மகன், ரெண்டு பேருக்கும் சண்டையா? ஒரே காத்துல நிண்டு பாடட்டும். ஒருத்தர் பெலத்தா மத்தவர் பதியோணும், ஒருத்தர் தளந்தா மத்தவர் தூக்கோணும். மெசின் கலந்தா அது கணக்கு. மனிசன் கலந்தாத்தான் பாட்டு."

யாரையும் அவர் வாய்விட்டுப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பதிவு பிடித்துவிட்டால் தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார். அவ்வளவுதான். தொப்பி தலையிலேயே இருந்தால் இன்னொரு தடவை பாட வேண்டும் என்று அர்த்தம். பாட வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி பஸ் குழுவில் நாலு பேர். பாட்டும் கிட்டாரும் ரெஜி, கொட்டாஞ்சேனைப் பொடியன். பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் வெள்ளவத்தைச் சகோதரர்கள் இருவர். இப்போது இருவரும் வெளிநாட்டில், இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. நாலாவது ஆள் ஜெசிந்தா. ரெஜியின் பக்கத்து ஒழுங்கையில் இருந்து வந்தவள், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவள். குழுவின் ஒவ்வொரு பாட்டிலும், ஒன்றைத் தவிர, தள்ளி உள்ள கோட்டில் நின்றவள் அவள். மேடைக்கு மட்டும் வரமாட்டாள். "பாட்டுக்காரி" என்று ஊர் சொல்லிவிடும் என்று அவளுடைய அப்பாவுக்குப் பயம். ஸ்டூடியோவுக்கு வருவதற்கே, ஹமீத் நானா வீட்டுக்குப் போய்த் தகப்பனோடு தேத்தண்ணி குடித்து அனுமதி வாங்கினார். அதனால் ஊருக்குத் தெரிந்த முகம் ரெஜியின் முகம். கசெட்டில் கேட்ட குரல் எல்லாம் அவனுடையது என்றே ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கும் மெல்லிய, உயர்ந்த குரல்தான்.

கசெட்டின் உறையில் பெயர்களைப் போட்டிருக்கலாமே என்று இப்போது கேட்பீர்கள். போடவில்லை. போட வேண்டாம் என்றவர் ஹமீத் நானா. அப்போது கொழும்பில் தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி. பையைக் கொட்டுவார்கள், கசெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதில் ஒரு தமிழ்ப் பெயர் அச்சில் இருந்தால் அது யார், எங்கே இருக்கிறான், என்ன பாடுகிறான் என்று கேள்விக்கு மேல் கேள்வி. "பேர் வாணாம் மகன். பாட்டு கேக்கட்டும், ஆள் வீட்டுல நிம்மதியா ஈக்கட்டும்" என்றார். ஆகவே எல்லாக் கசெட்டிலும் பஸ் படம் ஒன்றும் குழுவின் பெயரும் மட்டும். எங்கள் ஸ்டூடியோவின் பெயர்கூட இல்லை. அது யாரையும் மறைக்கச் செய்த வேலை அல்ல, காப்பாற்றச் செய்த வேலை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி அந்த நாள்.

'இறங்கமாட்டேன்' என்ற பாட்டு. உங்களுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் சன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒருவன், கடல் வரைக்கும் டிக்கட் எடுத்தேன், கடல் வரும்வரை இறங்கமாட்டேன் என்கிறான். வெறும் பஸ் பாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பஸ்ஸில் போன ஒவ்வொரு தமிழனுக்கும், "ஒக்கொம பஹின்ன!" என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கத்திக் கதவில் தட்டி எல்லோரையும் இறக்குகிற சத்தம் காதிலேயே இருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பதிலாக வந்த பாட்டு அது. அதன் உயிர் ஒரே இடத்தில்: கடைசிப் பகுதியில் கிட்டாரும் ட்ரம்ஸும் சடாரென்று நின்றுவிட, ஒரு குரல் மட்டும் மேலே ஏறி "இறங்கமாட்டேன்" என்னும்.

பதிவுக்கு முதல்நாள் வெள்ளவத்தையிலிருந்து வந்த பஸ்ஸில் ரெஜியை இறக்கி எடுத்துவிட்டார்கள். அடையாள அட்டையில் ஏதோ பிழை என்று சொல்லிப் பொலிஸில் வைத்திருந்தார்கள். தெரிந்த ஒரு சட்டத்தரணி புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து போய்ப் பேசி அடுத்த நாள் காலையில்தான் விட்டார்கள். பதிவு நடக்காது என்று நாங்கள் சாமான்களை மூடத் தொடங்கும்போது ரெஜி படியேறி வந்தான். நேரே பொலிஸிலிருந்து வந்திருந்தான். முகம் வீங்கி, சட்டை கசங்கி, சீப்புக் காணாத தலை. "நான் பாடுறேன்" என்றான். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. இரவு முழுக்க என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பாடினான். தொப்பி தலையில் இருந்தது. திரும்பப் பாடினான். அந்த உயரமான இடம் வரும்போதெல்லாம் குரல் கிழிந்தது. ஒரு தடவை பாதியில் நிறுத்தி, மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடி குனிந்து நின்றான். ட்ரம்ஸ்காரன் எழும்பிப் போய் யன்னல் பக்கம் நின்றுகொண்டான். "இன்னொரு நாளைக்கு வைப்பம் நானா" என்றேன் நான். இன்னொரு நாள் என்று ஒன்று வருமா என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொன்னேன், பார்க்கப் பொறுக்கவில்லை.

ஹமீத் நானா கண்ணாடி அறையை விட்டு உள்ளே போனார். செருப்புக் காலால் கோடுகளைத் தேய்த்து அழித்தார். வெண்கட்டியை எடுத்துப் புதிதாகக் கிழித்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து கிட்ட உள்ள கோட்டைக் காட்டினார்.

"மகள், நீங்க இங்க. ரெஜி, நீங்க அங்கால."

"நானா, அது அவரு லைன்" என்றாள் ஜெசிந்தா.

"லைன் யார்ட காணி உறுதியிலயும் எழுதி ஈக்கா? பஸ் ஓடோணும் மகள். டிரைவருக்கு ஏலாட்டி கண்டக்டர் ஓட்டுற. ரெஜி, நீங்க கண்ட மாதிரிப் பாடுங்க. கரகரண்டு வந்தா வரட்டும். நிப்பாட்ட மட்டும் வாணாம்."

பாடினார்கள். வாத்தியங்கள் நின்ற இடத்தில், ஜெசிந்தா பாடுவதற்கு முன் ஒரு மூச்சு எடுத்தாள். அழுகையை விழுங்கிவிட்டு எடுக்கிற மூச்சு, கொஞ்சம் தடக்கிக்கொண்டு வரும் மூச்சு. அது அப்படியே நாடாவில் விழுந்தது. பிறகு ஏறினாள். அவளுக்குப் பின்னால் ரெஜியின் கரகரத்த குரல், சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற நோயாளி மாதிரி, ஆனால் நிற்காமல் வந்தது. முடிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். தொப்பி மேசையில் இருந்தது. அறைக்குள் ரெஜி சுவரில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான்.

"நானா, அந்த மூச்சை வெட்டவா?" என்று கேட்டேன். நாடாவில் அப்படியான சத்தங்களைப் பிளேடால் வெட்டி ஒட்டுவது என் வேலை.

"மூச்ச வெட்டினா ஆள் மையித்துடா" என்றார். பிணம் என்று அர்த்தம்.

அப்படி வந்த பாட்டுத்தான் உங்கள் கல்யாண வீட்டிலும், கல்லூரி விழாவிலும், டொரொண்டோவில் மண்டபம் எடுத்துச் செய்கிற நிகழ்ச்சியிலும் ஒலிக்கிற 'இறங்கமாட்டேன்'. அந்த உயரத்தில் பாடியவள் ஜெசிந்தா.

இப்போது கம்பனி அனுப்பிய அல்பத்துக்கு வருகிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ட்ரம்ஸ் பளிச்சென்று இருந்தது. கிட்டார் கண்ணாடி துடைத்த மாதிரி. முதல் பாட்டில் இரண்டாம் குரல் இல்லை. சரி, ஹெட்போனில் ஒரு பக்கம் பழுதோ என்று மாற்றிப் பார்த்தேன். இரண்டாவது பாட்டிலும் இல்லை. எல்லாப் பாட்டிலும் ரெஜி தனியே பாடிக்கொண்டிருந்தான், சில சொற்கள் ஓட்டை விழுந்து ஒலித்தன. ஒரே காற்றில் கலந்து நின்ற குரல்களில் ஒன்றைப் பிடுங்கினால் மற்றதிலும் சதை கழன்றுதானே வரும்? பிறகு 'இறங்கமாட்டேன்'. வாத்தியங்கள் நின்றன. மூச்சு வரவில்லை. நேரே ரெஜியின் குரல், ரெஜி ஒருநாளும் பாடாத உயரத்தில், சுத்தமாக, மழுமழுவென்று "இறங்கமாட்டேன்" என்றது. மூச்சே எடுக்காமல் பாடுகிறான். மூச்சு எடுக்காத ஆட்களை நாங்கள் பொரளைக் கனத்தைச் சுடலைக்குத்தான் கொண்டுபோவோம்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தேன். இந்த வயதில் பிரஷர் கூடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். டொக்டர் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை.

கம்பனியை நடத்துகிற அருண் என்ற பிள்ளைக்குப் போன் எடுத்தேன். மரியாதையான பிள்ளைதான், அதுதான் இன்னும் ஆத்திரம்.

"அங்கிள், அது லீகல் பிரச்சினை" என்றான். "ரெண்டாவது குரல் ஆரெண்டு எங்களுக்குத் தெரியேல்ல. கசெட்டில பேர் இல்லை. சம்மதம் இல்லாமப் போட்டா நாளைக்கு வழக்கு வரும் எண்டு லோயர் சொன்னவர். அதுதான் ஏஐ வச்சு எடுத்தனாங்கள். அந்த ஹை நோட்டில மட்டும் ஓட்டை விழுந்திட்டுது. ரெஜி அங்கிளின்ர குரலை வச்சே அதை நிரப்பினனாங்கள். நல்லா வந்திருக்கு என்ன?"

"அந்தக் குரல் ஆரெண்டு ரெஜியைக் கேட்டனீங்களா?"

"கேட்டனாங்கள் அங்கிள். அவர் சேர்ச் கோரஸ் பிள்ளை ஒண்டு, பேர் ஞாபகமில்லை எண்டவர்."

நான் போனை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் வாயில் என்ன வந்திருக்குமோ தெரியாது. பேர் ஞாபகமில்லையாம்! பக்கத்துப் பக்கத்து ஒழுங்கை, கோயில் ஒன்று, ஒரே பேக்கரியில் பாண் வாங்கியவர்கள். அவள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுப் பாட வந்தவனுக்குப் பேர் ஞாபகமில்லை. அல்பத்தின் அட்டையைப் பார்த்தால் இன்னும் எரிச்சல். ஸ்டூடியோப் படிக்கட்டில் எடுத்த பழைய படம். ரெஜி கிட்டாரோடு, சகோதரர்கள் இரண்டு பக்கமும், மேல் படியில் குடையோடு ஜெசிந்தா. படம் வடிவாக இருக்கிறதாம், ஆகவே அவளை விட்டுவைத்திருக்கிறார்கள். குரலுக்குச் சம்மதம் வேண்டும், முகத்துக்கு வேண்டாம். இது எந்த ஊர் நியாயம்?

ரெஜியோடு அன்று மாலை கதைத்தேன். அவன் கனடாவில். வெளியீட்டு விழாவுக்கு வரவிருந்தான்.

"அண்ணே, கோபப்படாம கேளுங்க" என்றான். "இங்க எந்த மேடைக்குப் போனாலும் அந்த ஒரு எடத்தத்தான் கேக்குறாங்க. வயசாச்சுன்னு சொல்லி சுருதிய எறக்கிப் பாடித் தப்பிக்கிறேன். எம் பிள்ளைங்க அத வச்சுத்தான் அப்பா பெரிய சிங்கர்னு நினைக்கிறாங்க. இப்பப் போய் அது நான் இல்லைன்னா, நான் அப்ப யாருண்ணே?"

"நீ ரெஜி. பொலிஸில இருந்து நேர வந்து, குரல் இல்லாமலும் நிப்பாட்டாமப் பாடின ரெஜி. அது காணாதா உனக்கு?"

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஜெசிந்தா அதே ஒழுங்கையில்தான் இருக்கிறாள். கோயில் பாடகர் குழுவை இப்போது அவள்தான் பழக்குகிறாள். கம்பனிக்காரர் ஒரு முச்சக்கர வண்டி பிடித்துப் போய் கோயில் வாசலில் கேட்டிருந்தால் கடலை விற்கிறவன்கூட வீட்டைக் காட்டியிருப்பான். நான் போனில் பாட்டைப் போட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். வழக்குப் போடுவோம், பத்திரிகைக்கு எழுதுவோம், விழாவில் போய் எழும்பி நின்று கேட்போம் என்று. அவள் எழும்பிப் போய் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பிறகு அட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணே, நான் என்னத்துக்கு இதுல நிக்கிறேன்?"

"என்ன?"

"பாட்டுல இல்லையே. வாய மூடிக்கிட்டு சும்மா குடையப் பிடிச்சிட்டு நிக்கிறேனா? எம் பேரன் கேட்டா என்ன சொல்றது, பாட்டி அவங்களுக்கு சாப்பாடு கொண்டு போனாங்கன்னா?" படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு வழக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம். ரெண்டுல ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. ஒண்ணு என்னைய ஏத்தச் சொல்லுங்க. இல்ல எறக்கிவிடச் சொல்லுங்க. ஃபுட்போர்ட்ல தொங்க எனக்கு ஏலாது."

அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. ஆகவே நான் இரண்டு பங்கு கோபத்தோடு அவளையும் கூட்டிக்கொண்டு அருணின் அலுவலகத்துக்குப் போனேன்.

அருண் எழும்பி நின்று வரவேற்றான். "ஆன்ட்டி, உங்களச் சந்திச்சது பெரிய சந்தோஷம்" என்றான். பழைய பதிவைத் தொடாமல் அப்படியே போடு, அவள் பெயரையும் போடு என்று நான் சொன்னேன். அவன் தலையைத் தடவினான். இசைத்தட்டு அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது, செய்யலாம், ஆனால் லோயர் ஒன்று கேட்பார் என்றான்.

"என்ன கேப்பார்?"

"அது ஆன்ட்டியின்ர குரல்தான் எண்டதுக்கு என்ன ஆதாரம் எண்டு."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எங்களை இறக்கி வைத்து, நீ நீதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதையாவது துவக்கோடு நின்றவன் கேட்டான். இப்போது குளிரூட்டிய அறையில், தமிழ்ப் பிள்ளை ஒருவன், கோப்பி கொடுத்துவிட்டு, குரலுக்கு அடையாள அட்டை கேட்கிறான். பெயர் போடாமல் விட்டது உயிரைக் காப்பாற்ற. அந்தப் பெயர் இல்லாததையே சாட்டாக வைத்துக்கொண்டு இப்போது ஆளையே இல்லை என்கிறார்கள். நான் பதிவு செய்தவன், நான் சொல்கிறேன், காணாதா என்றேன். "அங்கிள், நீங்க ஸ்டூடியோவில வேலை செய்தனீங்கள். பேண்ட் ஆள் ஆராவது சொல்லோணும்" என்றான். ஹமீத் நானா மவுத்தாகி, மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம். சகோதரர்கள் இருவரும் அருணின் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லையாம். மிச்சம் ரெஜி.

ஜெசிந்தா கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "தம்பி, ரெஜி எப்ப வாறாரு?" என்று கேட்டாள்.

"வாற கிழமை, ஆன்ட்டி. விழாவுக்கு எங்கட பயிற்சி அறையிலதான் ப்ரக்டிஸ்."

"அப்ப நானும் வாறேன். ஒரு மைக் போதும்."

விழாவுக்கு முன்பே கம்பனி அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றிவிட்டது; இதை எழுதும் இன்றும் போய்க் கேட்டால், மூச்சில்லாத அதுதான் கேட்கும். கேட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நான் வயசுபோன எரிச்சலில் கத்துகிறேனா என்று.

அந்தக் கிழமை வந்தது. அருணின் பயிற்சி அறை கடற்கரைப் பக்கம், ரயில் போனால் யன்னல் அதிரும். போகும் வழியில் புத்தகக் கடையில் வெண்கட்டிப் பெட்டி ஒன்று வாங்கினேன். அறையில் கம்பளம் விரித்திருந்தார்கள், அதைச் சுருட்டி ஒதுக்கச் சொன்னேன். அங்கிளுக்கு மூளை பிசகிவிட்டது என்று அங்கிருந்த பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். தரையில் முழங்கால் வலிக்கக் குந்தி, ஹமீத் நானா அன்று கடைசியாகக் கிழித்த மாதிரியே இரண்டு கோடு கிழித்தேன். ஒன்று கிட்ட, ஒன்று தள்ளி. ஜெசிந்தா சுவரோரம் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ரெஜி வந்தான். தலை நரைத்து, நல்ல கோட் போட்டு, வாசனையோடு வந்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். ஜெசிந்தாவைக் கண்டதும் கொஞ்சம் நின்று, "எப்படி ஜெசி?" என்றான். "இருக்கேன் ரெஜி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அருண் எல்லோருக்கும் நடுவில் நின்று புன்னகை செய்துகொண்டிருந்தான். பிறகு அந்தப் பாட்டையே எடுப்போம் என்றான். ரெஜி பழக்கதோஷத்தில் நேரே நடந்து போய் மைக்குக்கு முன்னால், கிட்ட உள்ள கோட்டில் நின்றான்.

நான் வாழ்க்கை முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவன். பாடுகிறவரிடம் எங்கே நில் என்று சொல்வது நானாவின் வேலை, என் வேலை அல்ல. அன்று சொன்னேன்.

"ரெஜி, அது உன்ர இடமில்லை."

அவன் குனிந்து கோட்டைப் பார்த்தான். தள்ளி உள்ள கோட்டையும் பார்த்தான். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அருண் என்னைத் தடுக்க வாயெடுத்தான். ரயில் ஒன்று போயிற்று. அது போய் முடியும்வரை ரெஜி அசையாமல் நின்றான். பிறகு போட்டிருந்த கோட் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, மெல்லப் பின்னால் போய் அந்தத் தள்ளியுள்ள கோட்டில் காலை வைத்தான். அருணைப் பார்த்தான்.

"தம்பி, அன்னைக்கும் நான் இங்கதான் நின்னேன். எழுதிக்குங்க."

ஜெசிந்தா கைப்பையை என் கையில் தந்துவிட்டு எழுந்தாள். மைக்குக்கு முன்னால் வந்து நின்று, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு மூச்சு எடுத்தாள்.